நரம்பை வளர்க்கும் புரதமும் தொழுநோய் தரும் ஊனமும்

(ஹைதராபாத்தில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரை)

தொழுநோயைப் பற்றிப் பேசும்போது ‘ஒழிப்பு’ என்னும் சொல் இரு பொருள்களில் வழங்கி வருகிறது. கிருமியை ஒழிப்பது ஒன்று. அக்கிருமி விட்டுச்செல்லும் ஊனத்தை ஒழிப்பது மற்றொன்று. முதற்பணியில் இந்தியா பெற்ற வெற்றி பெரிது. 1983ஆம் ஆண்டில் பத்தாயிரம் பேருக்கு 57க்கும் மேற்பட்டோர் என்ற அளவில் இருந்த நோயாளிகளின் விகிதம், 2005 டிசம்பரில் ஒருவருக்கும் கீழே இறங்கியது. தேசிய அளவில் தொழுநோய் இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையன்று என அப்போது அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2022-23ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டனர். உலகெங்கும் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்களே.

இரண்டாவது பணியின் நிலை வேறு. மருந்தை முழுமையாக உட்கொண்டு, கிருமி நீங்கி, சிகிச்சையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவரின் கை மரத்தே இருக்கக்கூடும். அவர் பிடிக்கும் பீடி விரலைச் சுடுவதை அவர் உணர்வதில்லை. அடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரத்தின் சூடு அவருக்குத் தெரிவதில்லை. காலில் தைத்த முள்ளோடு நாள் முழுவதும் வயலில் நடக்கிறார். கிருமி இறந்த பின்னும் நரம்பு ஏன் மீள்வதில்லை? இவ்வினாவுக்கு விடை தேடும்போது, நரம்பின் வளர்ச்சிக்கும் வாழ்வுக்கும் காரணமான புரதங்களைப் பற்றிய அறிவியல் துணைக்கு வருகிறது.

இப்பொருளைக் குறித்துச் சிந்திக்க ஹைதராபாத் பொருத்தமான நகரமாகும். பழைய ஹைதராபாத் சமஸ்தானத்தில், இன்றைய நிஜாமாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த டிச்பள்ளியில், இஸபெல் கெர் அம்மையார் தொழுநோயாளர்க்கென மருத்துவமனை நடத்தினார். ராணி குமுதினி தேவி 1958ஆம் ஆண்டில் குகட்பள்ளியில் சிவானந்தா மறுவாழ்வு இல்லத்தை நிறுவினார். 1989ஆம் ஆண்டில் தொடங்கிய லெப்ரா சங்கம் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. அதன் புளூ பீட்டர் ஆராய்ச்சி மையம் நகரையடுத்த செர்லபள்ளியில் அமைந்துள்ளது.

கோழிக் கருவில் தொடங்கிய ஆராய்ச்சி

நரம்பு வளர்ச்சிப் புரதத்தின் வரலாறு இத்தாலி நாட்டின் டூரின் நகரில் தொடங்குகிறது. 1909ஆம் ஆண்டில் அங்குப் பிறந்த ரீட்டா லெவி-மொண்டால்சினி மருத்துவம் பயின்றவர். 1938ஆம் ஆண்டின் இனச் சட்டங்கள் யூதர்களைப் பல்கலைக்கழகப் பணிகளிலிருந்து விலக்கின. அவர் தம் படுக்கையறையிலேயே ஒரு சிறு ஆய்வுக்கூடத்தை அமைத்துக்கொண்டார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவிகளாக்கினார். கோழி முட்டைகளே ஆய்வுப்பொருள்கள். போர்க்காலத்தில் நகரின்மீது குண்டுகள் விழுந்தபோது, கிராமப்புறத்துக்குச் சென்று அங்கும் ஆய்வைத் தொடர்ந்தார்.

வளரும் கோழிக் கருவிலிருந்து கால் தோன்றும் மொட்டை அகற்றிவிட்டால், அக்காலுக்குச் செல்ல வேண்டிய நரம்பு உயிரணுக்கள் குறைந்துவிடுகின்றன என்பதை விக்டர் ஹாம்பர்கர் என்னும் அறிஞர் 1934ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். அவ்வுயிரணுக்கள் தோன்றவேயில்லை என்பது அவர் கருத்து. லெவி-மொண்டால்சினி கண்டது வேறு. உயிரணுக்கள் தோன்றுகின்றன, வளர்கின்றன, சென்றடைய இடம் இல்லாமையால் மடிகின்றன. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் அதன் விளைவு பெரிது. உறுப்பிலிருந்து நரம்புக்கு ஏதோ ஒன்று வந்து சேர வேண்டும், அது வாராவிடில் நரம்பு வாழாது என்பது அதன் உட்கருத்தாகும்.

1947ஆம் ஆண்டில் ஹாம்பர்கரின் அழைப்பை ஏற்று அவர் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகருக்குச் சென்றார். எலியின் ஒருவகைப் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் பதித்தால் நரம்புகள் அதை நோக்கிப் பெருகி வளர்வதை எல்மர் பியூக்கர் என்பவர் அறிவித்திருந்தார். அக்கட்டி சுரக்கும் பொருளே நரம்பை வளர்க்கிறது என்பதை லெவி-மொண்டால்சினி 1952ஆம் ஆண்டில் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரில், ஹெர்த்தா மேயரின் ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்தார். கண்ணாடித் தட்டில் வைத்த நரம்பு முடிச்சைச் சுற்றி நரம்பிழைகள் ஓர் ஒளிவட்டம்போல் கிளைத்தன.

அடுத்த ஆண்டில் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் இப்பணியில் இணைந்தார். கட்டியின் சாற்றிலுள்ள நியூக்ளிக் அமிலத்தைச் சிதைப்பதற்காகப் பாம்பு நஞ்சைச் சேர்த்தபோது, நரம்பிழைகள் முன்னினும் பன்மடங்கு பெருகின. அந்நஞ்சிலேயே அப்பொருள் செறிந்திருந்தது. பின்னர் ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அது மிகுதியாகக் கிடைத்தது. அதுவே நரம்பு வளர்ச்சிக் காரணி எனப்படும் புரதம். இதற்கு எதிரான பொருளைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் பரிவு நரம்பு முடிச்சுகள் அழிந்தன. எனவே, இப்புரதம் நரம்பு உயிர்வாழவும் இன்றியமையாதது என்பது உறுதியாயிற்று. 1986ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நரம்பும் அதன் உணவும்

கருவில் நரம்பு உயிரணுக்கள் தேவைக்கு மிகுதியாகவே தோன்றுகின்றன. அவற்றின் இழைகள் தோல், தசை, உள்ளுறுப்பு ஆகியவற்றை நோக்கி நீள்கின்றன. சென்றடைந்த உறுப்பு வளர்ச்சிப் புரதத்தை அளவாகவே சுரக்கிறது. அதனைப் பெற்ற இழை நிலைக்கிறது. பெறாத இழையின் உயிரணு மடிகிறது. பல பகுதிகளில் ஏறத்தாழப் பாதி உயிரணுக்கள் இவ்வாறு மறைகின்றன. உறுப்பின் அளவுக்கேற்ப நரம்புகளின் எண்ணிக்கை அமைவதற்கு இயற்கை வகுத்த முறை இது.

தோலின் மேலடுக்கு உயிரணுக்கள் இப்புரதத்தைச் சுரக்கின்றன. நரம்பின் நுனி அதனை ஏற்று, இழையின் வழியே நெடுந்தொலைவிலுள்ள உயிரணுவின் உடலுக்கு அனுப்புகிறது. பாதத்தின் தோலிலிருந்து புறப்படும் செய்தி, முதுகுத்தண்டின் அருகிலுள்ள உயிரணுவை எட்ட ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவு செல்ல வேண்டும். நரம்பு மூளைக்குச் செய்தி கொண்டுசெல்வதை யாவரும் அறிவர். அதே நரம்பு தன் வாழ்வுக்குரிய செய்தியையும் தோலிலிருந்தே பெறுகிறது என்பது இவ்வாராய்ச்சி தந்த புதிய அறிவாகும்.

இப்புரதத்திற்கு உடன்பிறப்புகளும் உண்டு. 1982ஆம் ஆண்டில் ஈவ்-அலென் பார்டே, ஹான்ஸ் தோனென் ஆகியோர் பன்றியின் மூளையிலிருந்து இரண்டாவது புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். பின்னர் மேலும் சில கண்டறியப்பட்டன. ஒவ்வொரு வகை நரம்பும் தனக்குரிய புரதத்தை நம்பி வாழ்கிறது. வலியையும் சூட்டையும் உணரும் மெல்லிய இழைகள் முதலில் கண்டறியப்பட்ட நரம்பு வளர்ச்சிக் காரணியையே சார்ந்தவை. தொழுநோயை விளங்கிக்கொள்ள இச்செய்தி முக்கியமானது.

வலியின் பயன்

பிறவியிலேயே வலி உணராதவர்கள் மிக அரிதாக உள்ளனர். அவர்களுள் ஒரு பிரிவினருக்கு வியர்வையும் சுரப்பதில்லை. நரம்பு வளர்ச்சிக் காரணியை ஏற்கும் புரதத்திற்குரிய மரபணுவில் உள்ள குறையே இதற்குக் காரணம் என ஜப்பானிய அறிஞர் யசுஹிரோ இன்டோவும் அவர் குழுவினரும் 1996ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். 2004ஆம் ஆண்டில் வடக்கு ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் இக்காரணியின் மரபணுவிலேயே குறை இருப்பது தெரியவந்தது. இத்தகையோர் தம் நாவைத் தாமே கடித்துப் புண்ணாக்கிக்கொள்கின்றனர், எலும்பு முறிந்ததை அறியாமல் நடக்கின்றனர், மூட்டுகள் சிதைகின்றன.

இவ்வருணனையைத் தமிழ்நாட்டில் பணியாற்றிய ஓர் அறுவை மருத்துவர் படித்திருந்தால் வியந்திருக்க மாட்டார். 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் குறைவதற்குச் சதை அழுகுவதே காரணம் என்ற அக்கால நம்பிக்கையை ஆராய்ந்தார். உணர்ச்சியற்ற கையும் காலும் அன்றாடம் படும் காயங்களே விரல்களைக் குறைக்கின்றன என்று அவர் நிறுவினார். மடங்கிய விரல்களை நீட்டத் தசைநாண் மாற்று அறுவை முறையை வகுத்தார். வேலூரை அடுத்த கரிகிரி ஆய்வு நிலையம் இத்துறையில் பல தலைமுறை மருத்துவர்களைப் பயிற்றுவித்தது. வலி என்பது உடலின் காவலாளி என்ற கருத்து, வேலூரின் அறுவைக் கூடத்திலும் ஜப்பானிய மரபணு ஆய்விலும் தனித்தனியே தெளிவாயிற்று.

கிருமி நரம்பைத் தாக்கும் முறை

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டின் ஹான்சன் 1873ஆம் ஆண்டில் கண்டார். அது இரண்டாகப் பெருக ஏறத்தாழ இரு வாரங்கள் ஆகின்றன. ஆய்வுக்கூடத்தின் செயற்கை ஊட்டப்பொருளில் அதை இன்றுவரை வளர்க்க இயலவில்லை. உடலின் குளிர்ந்த பகுதிகளை அது நாடுகிறது. முழங்கையின் பின்புறம், முழங்காலின் பக்கம், கணுக்கால், முகம் ஆகிய இடங்களில் தோலுக்கு அருகே செல்லும் நரம்புகளே முதலில் துன்புறுகின்றன. விரல்கள் மடங்குவதும், பாதம் தொங்குவதும், இமை மூடாமையும் இவற்றின் விளைவுகளாகும்.

நரம்பிழையைச் சுற்றி ஸ்வான் உயிரணுக்கள் எனப்படும் உறை உயிரணுக்கள் உள்ளன. கிருமி குடிபுகும் இடம் இதுவே. நரம்பு காயமுறும்போது வளர்ச்சிப் புரதத்தைச் சுரந்து அதை மீட்க முயல்பவையும் இவ்வுயிரணுக்களே. ஆகவே, நரம்பின் செவிலித்தாயையே நோய் பற்றிக்கொள்கிறது எனலாம்.

கிருமி அங்கு எவ்வாறு ஒட்டிக்கொள்கிறது என்பதை ஆராய்ந்ததில் ஹைதராபாத்துக்குப் பங்குண்டு. மனித நரம்பின் உறையில் மிகுதியாக உள்ள ‘பி ஜீரோ’ என்னும் சர்க்கரைப் புரதத்துடன் தொழுநோய்க் கிருமி பிணைகிறது என்பதைப் புளூ பீட்டர் மையத்தின் சுனீதா முதலிய ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் அக்கிருமி பற்றும் பிற புரதங்களையும் காட்டியுள்ளன.

இதற்கு முன்னரே, 1994ஆம் ஆண்டில், லண்டனில் பணியாற்றிய பிரவீண் ஆனந்தும் பம்பாய் மருத்துவர்களும் இணைந்து ஒரு முக்கியமான செய்தியை அறிவித்திருந்தனர். தொழுநோயாளரின் பாதிக்கப்பட்ட தோலிலும் நரம்பிலும் நரம்பு வளர்ச்சிக் காரணியின் அளவு குறைந்திருந்தது. தொழுநோயில் முதலில் மறைவது சூட்டையும் வலியையும் உணரும் ஆற்றல் என்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அவ்வுணர்வுகளைத் தாங்கும் மெல்லிய இழைகள் எந்தப் புரதத்தை நம்பி வாழ்கின்றனவோ, அப்புரதமே குறைந்திருப்பதாக இவ்வாய்வு காட்டிற்று. கிருமியும், அதை எதிர்த்து உடல் நடத்தும் போரும் நரம்பைச் சிதைக்கின்றன. ஊட்டம் குறைவதும் அதனுடன் சேர்கிறது.

புரதமே மருந்தாகுமா?

குறைந்ததைக் கொடுத்தால் நோய் தீரும் அன்றோ என்று கேட்கத் தோன்றும். இவ்வெண்ணம் முதலில் நீரிழிவு நோயில் சோதிக்கப்பட்டது. நீரிழிவும் பாதத்தின் உணர்வைக் கெடுப்பதாகும். அமெரிக்காவில் 1,019 நோயாளிகளிடம் 48 வாரங்கள் இப்புரதத்தை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தனர். 2000ஆம் ஆண்டில் வெளியான முடிவு ஏமாற்றம் அளித்தது. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ஊசி போட்ட இடத்தில் வலி மிகுந்தது. வலி நரம்பை வளர்க்கும் பொருள் வலியையும் வளர்ப்பது இயல்பே. அறிவாற்றல் இழக்கும் அல்ஸைமர் நோயாளரின் மூளைக்குள் இதனைச் செலுத்திய முயற்சிகளிலும் இவ்விடர்ப்பாடு தோன்றியது.

எதிர்த்திசையிலும் முயற்சி நடந்தது. மூட்டு வலியைக் குறைக்க, இப்புரதத்தைத் தடுக்கும் டனேசுமாப் என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. வலி குறைந்தது; ஆனால் சிலருக்கு மூட்டுகள் விரைந்து சிதைந்தன. 2021ஆம் ஆண்டில் அமெரிக்க ஆலோசனைக் குழு அதற்கு எதிராக 19க்கு 1 என வாக்களித்தது, அம்மருந்து கைவிடப்பட்டது. மிகினும் குறையினும் தீங்கு செய்யும் பொருள் இது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கண்ணில் மட்டும் முயற்சி பலித்தது. உடலில் நரம்பு நுனிகள் மிகச் செறிந்துள்ள இடங்களுள் கருவிழியின் முன்படலம் ஒன்று. அங்கு உணர்வு அற்றுப்போனால் ஆறாத புண் தோன்றிப் பார்வை கெடும். 1998ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர்கள் 12 நோயாளிகளின் 14 கண்களில் நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சொட்டு மருந்தாக இட்டனர். எல்லாப் புண்களும் ஆறின. மனிதப் புரதத்தை நுண்ணுயிர் மூலம் தயாரித்து உருவாக்கிய செனெகெர்மின் என்னும் மருந்துக்கு 2017ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. எட்டு வாரச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் பல பத்தாயிரம் டாலர் செலவாகிறது.

இவ்விலையைக் கேட்டு மலைத்து நின்றுவிட வேண்டியதில்லை. மரபணு மாற்று முறையில் தயாரான ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியும் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து பெருவிலைக்கு வந்ததே. 1997ஆம் ஆண்டில் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் அதை உள்நாட்டில் தயாரித்தபின் விலை பெரிதும் வீழ்ந்தது. 1977ஆம் ஆண்டில் தோன்றிய உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும், 1987 முதல் கருவிழி நோய்களுக்குச் சிகிச்சை அளித்துவரும் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையமும் இந்நகரில் உள்ளன. புரதத்தைத் தயாரிக்கும் திறனும் அதைப் பயன்படுத்தும் திறனும் ஒரே நகரில் அமைந்திருப்பது நற்பேறாகும். எனினும், மரத்துப்போன கைக்கும் காலுக்கும் இப்புரதம் இன்றளவும் மருந்தாகவில்லை. அது வரும்வரை காத்திருக்க நரம்புக்கு இயலாது.

ஆறு மாத அவகாசம்

கிருமியைக் கொல்ல வல்ல மருந்துகள் உள்ளன. 1982ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, நோயின் வகைக்கேற்ப ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் முடிகிறது. மருந்து இலவசம். ஆயினும், மடிந்த கிருமிகளின் எச்சத்தை எதிர்த்தும் உடல் கிளர்ந்தெழுவதுண்டு. நரம்பு வீங்கி, வலித்து, சில வாரங்களில் செயலிழக்கலாம். சில வேளைகளில் வலியே இல்லாமல், நோயாளி அறியாமல், உணர்வு மெல்ல மறைகிறது. சிகிச்சைக் காலத்திலும், அது முடிந்த பின்னரும் இது நேரலாம்.

இந்நிலையில் பிரெட்னிசோலோன் மாத்திரை வீக்கத்தைத் தணித்து நரம்பைக் காக்கிறது. இந்தியா உள்ளிட்ட நான்கு ஆசிய நாடுகளில் நடந்து 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, 20 வாரச் சிகிச்சை 32 வாரச் சிகிச்சைக்கு இணையான பயன் தருவதைக் காட்டிற்று. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உணர்விழப்போ தசைத் தளர்ச்சியோ தோன்றி ஆறு மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். அதற்குப்பின் மீட்சிக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஊட்டம் இழந்த இழை நெடுநாள் காத்திராது என்னும் அடிப்படை உண்மையை, முட்டைக் கருவில் காணப்பட்டதை, இந்த ஆறு மாத வரையறையிலும் காணலாம்.

உணர்விழப்பைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கு ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். நோயாளி கண்ணை மூடிக்கொள்கிறார். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் குறித்த இடங்களில் பேனா முனையால் மெல்லத் தொட, தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். கட்டைவிரலை உயர்த்தவும், சுண்டுவிரலை விரிக்கவும், பாதத்தை மேலே தூக்கவும், கண்ணை இறுக மூடவும் சொல்லித் தசையின் வலிமை அறியப்படுகிறது. சில நிமிடங்களில் முடியும் இச்சோதனையைத் தவறாமல் திரும்பத் திரும்பச் செய்து, முந்தைய பதிவோடு ஒப்பிட வேண்டும். முறையாகச் செய்யப்படும் இடத்தில் ஒரு கை காப்பாற்றப்படுகிறது. அட்டையில் வெறுங்கோடு இழுத்து நிரப்பப்படும் இடத்தில் அக்கை இழக்கப்படுகிறது.

பதிவேடு சொல்லாத கணக்கு

இங்குத்தான் நிருவாகத்தின் பொறுப்பு தொடங்குகிறது. நோய்ப்பரவல் விகிதம் என்பது குறித்த நாளில் சிகிச்சை பெற்றுவருவோரின் எண்ணிக்கையாகும். மருந்து முடிந்த நாளில் நோயாளியின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. 24 மாதச் சிகிச்சை 12 மாதமாகக் குறைக்கப்பட்டபோது, நோயாளி ஒருவர் பதிவேட்டில் இருக்கும் காலமும் பாதியாயிற்று. கிருமியின் கணக்கு அதோடு முடியலாம். நரம்பின் கணக்கு முடிவதில்லை. ஒரு திட்டம் எதை அளக்கிறதோ அதையே அடைய முயலும் என்பது திட்டமிடுதலில் யாவரும் அறிந்த உண்மை. பரவல் விகிதத்தை மட்டும் அளந்தமையால் அது குறைந்தது. 2005ஆம் ஆண்டுக்குப்பின் வீடு வீடாகத் தேடும் பணி தளர்ந்தது. 2016ஆம் ஆண்டில் சில மாநிலங்களில் தேடுதல் இயக்கம் நடத்தியபோது, முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் மறைந்திருந்த நோயுடன் கண்டறியப்பட்டனர்.

இக்குறை உணரப்படாமல் இல்லை. 2011-15ஆம் ஆண்டுகளுக்கான உலக உத்தி, கண்ணுக்குத் தெரியும் ஊனத்துடன் வரும் புதிய நோயாளிகளைக் குறைப்பதை இலக்காக்கியது. ஆஷா பணியாளருக்கான ஊக்கத்தொகை விதிகளிலும் இக்கருத்து இடம்பெற்றது. ஊனம் தோன்றுமுன் நோயாளியைக் கண்டு அழைத்துவந்தால் ரூ.250, ஊனம் தோன்றியபின் அழைத்துவந்தால் ரூ.200. அரசின் நோக்கம் இந்த ஐம்பது ரூபாய் வேறுபாட்டில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இவ்வளவுகோலும் நோய் கண்டறியப்படும் நாளின் நிலையையே காட்டும். சிகிச்சையின்போதும் அதன் பின்னரும் தோன்றும் ஊனம் இதில் அடங்காது. கண், கை, கால் ஆகியவற்றின் நிலையை எண்ணால் குறிக்கும் முறை ஒன்று ஏற்கெனவே வழக்கில் உள்ளது. தொடக்கத்தில் இருந்த எண்ணையும் முடிவில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட்டு, எத்தனை பேரின் நிலை தாழ்ந்தது என்று ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் கூறவேண்டும். புதிய படிவம் எதுவும் இதற்குத் தேவையில்லை. உள்ள அட்டைகளைக் கூட்டிப் பார்த்தால் போதும்.

பொருளாதார நோக்கிலும் இது தெளிவு. தொழுநோய் பெரும்பாலும் உடலுழைப்பால் வாழ்வோரைத் தாக்குகிறது. கொத்தனார், நெசவாளர், விவசாயக் கூலி, சமையல் வேலை செய்யும் பெண் ஆகியோருக்குக் கையே மூலதனம். இழந்த மூலதனத்தை மீட்கத் தசைநாண் அறுவை, நீண்ட இயன்முறைப் பயிற்சி, அக்காலத்தில் இழக்கும் கூலிக்கு ஈடான உதவித்தொகை, வாழ்நாள் முழுவதும் தனிவகைக் காலணி ஆகியவை வேண்டும். இவற்றை அரசு வழங்குகிறது. தொடர்ந்து வழங்கவும் வேண்டும். எனினும், பேனாவும் சில மாத மாத்திரையும் உரிய காலத்தில் கிடைத்திருந்தால் இச்செலவில் பெரும்பகுதி எழுந்திராது.

மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பைப் பற்றி ஒரு சொல். மரத்த பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பிப் புண் வராமல் காப்பது அது. இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் என 2023ஆம் ஆண்டில் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பலரின் பாதமும் மரத்துப்போகிறது. தொழுநோய்ப் பணியாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்த்துவைத்த அறிவு, அதாவது நாள்தோறும் பாதத்தைப் பார்த்தல், நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுதல், ஏற்ற காலணி அணிதல் ஆகியவை, நீரிழிவுக்கும் பயன்படத்தக்கவை. ஊறவைக்கும் நீரின் சூட்டை மட்டும், மரத்த பாதத்தை நம்பாமல், உணர்வுள்ள பிறிதொருவர் கையால் பார்க்க வேண்டும். தொழுநோய்ப் பிரிவு சுருங்கும்போது இவ்வனுபவம் வீணாகாமல், பொது மருத்துவமனைகளின் நீரிழிவுப் பிரிவுக்குச் சென்றுசேர வழி செய்வது நிருவாகத்தின் கடமையாகும்.

சட்டத்தில் இருந்த தடைகளும் ஒவ்வொன்றாக அகன்று வருகின்றன. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதே ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழுநோய் நீங்கியும் ஊனம் எஞ்சியோரைத் தன் பாதுகாப்பில் கொண்டது. தொழுநோய் மணமுறிவுக்குக் காரணமாவதை 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் நீக்கியது. நோயை மறைக்கத் தூண்டும் அச்சம் குறையக் குறைய, மக்கள் முதல் தேமலிலேயே மருத்துவரை நாடுவர். அவ்வகையில் சட்டத் திருத்தமும் நரம்பைக் காக்கும் மருந்தே.

முடிவுரை

டூரின் நகரின் படுக்கையறையில் தொடங்கிய ஆராய்ச்சி, நரம்புக்கும் தோலுக்கும் இடையேயுள்ள கொடுக்கல் வாங்கலை உலகுக்கு உணர்த்தியது. அக்கொடுக்கல் வாங்கல் அறும்போது என்ன நேர்கிறது என்பதைத் தொழுநோயாளரின் கையும் காலும் காட்டுகின்றன. அறுந்ததைப் புரதம் கொண்டு இணைக்கும் நாள் வரலாம்; அதற்கான ஆராய்ச்சி ஹைதராபாத் போன்ற நகரங்களில் ஊக்கத்துடன் நடைபெற வேண்டும். மாணவர்களுக்கு இத்துறையில் செய்தற்குரிய பணி மிகுதி.

அலுவலர்களுக்குரிய பணி இன்றைக்கே உள்ளது. மரத்துப்போன தோல் வலிக்காது. ஆகையால் நோயாளி முறையிட மாட்டார். மனு வரும் வரை காத்திருக்கும் வழக்கம் இந்நோயில் செல்லாது. தேடிச்சென்று தொட்டுப்பார்க்கும் பணியாளரும், அவர் எழுதிய எண்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் மேலதிகாரியும் இருந்தால், ஆறு மாத அவகாசம் ஒரு நரம்பைக் காக்கப் போதுமானதாகும்.